இருபத்திரண்டு பெட்டிகளும் ஒரு பழியும்

மார்ச் 4

பெட்டிக்காரப் பெண்ணுக்கு,

உன் பெட்டிகளின் காட்சி நடந்த அன்று காலை வார்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று நழுவக் கூடாது பார்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்த பெரிய டாக்டர். மேசையில் உட்கார்ந்து திரையை விட்டுக் கண்ணை எடுக்காத தலைமை நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாளான புது நர்ஸ். கையில் பைலை அணைத்துப் பிடித்திருந்த நிர்வாக அதிகாரி அம்மாள். தலைமைப் பெட்டி விற்கிற கம்பெனியிலிருந்து வந்த கோட்டுக்காரர். மின் பிரிவு மேற்பார்வையாளர், அவர் வாசலோடு நின்றார். சாப்பாட்டுத் தள்ளுவண்டிக்காரர், அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர். உன்னோடு வந்த உயரமான ஆள். நீ. ஆக ஒன்பது பேர். படுத்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் பதிமூன்றாம் கட்டில் இருமல்காரி, நடுவில் நான், பதினைந்தாம் கட்டில் டீச்சர். இதை எழுதும்போதே டீச்சர் எட்டிப் பார்த்து, "இங்க ஒற்று வரணும்" என்கிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒற்று வந்தாலும் வராவிட்டாலும் உனக்குப் புரியும்.

உன் போன் நம்பரைக் கேட்டேன். தலைமை நர்ஸ் தர மாட்டேன் என்றாள். "விலாசம் தர்றேன். விலாசம் குடுக்காதன்னு யாரும் சொல்லலை" என்றாள். அதனால்தான் கடிதம். காற்றிலேயே சேதி அனுப்புகிற பெண்ணுக்கு நான் தபால்தலை ஒட்டுகிறேன்.

என்மேல் உனக்கு என்ன கோபம்? என் தலைமாட்டில் பெட்டியை மாட்டியபோது முக்கால் மணி நேரம் பேசினாய். நீ சொன்னது எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. முன்னால் ஒரு தலைமைப் பெட்டி இருந்தது. நீ பேசு, நீ சும்மா இரு என்று இருபத்திரண்டு பெட்டிக்கும் அதுதான் உத்தரவு போடும். ஜனவரியில் அது உறைந்துபோய் பத்தொன்பது நிமிடம் வார்டில் யாருடைய நெஞ்சுத் துடிப்பும் மேசைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ கொண்டுவந்த பெட்டிகளுக்குத் தலைவர் கிடையாது. "காத்துல எட்டுப் பாதை இருக்கும்மா. ஒவ்வொரு பெட்டியும் முதல்ல காது குடுத்துக் கேக்கும். எந்தப் பாதை அமைதியா இருக்கோ அதுல பேசும். பக்கத்துப் பெட்டி திணறினா தன் குரலைத் தாழ்த்திக்கும்" என்றாய். அப்படி ஒரு பெட்டியை என் சம்பந்தி அம்மாளுக்கு மாட்டிவிடு என்று நான் சொன்னேன். நீ ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய்.

அப்படிச் சிரித்தவள், அன்று திரை இருண்டுபோன பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். கோட்டுக்காரர் சொன்னதைக் கேட்டாயோ என்னவோ. "தலையில்லாத உடம்பு எப்படி நடக்கும்?" என்றார். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். அவர் அதற்கு முன் என்னை "அந்தக் கிழவி" என்றதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

எட்டு நாளாக உன் பெட்டி என் தலைமாட்டில் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அன்று மட்டும் ஏன்?

பதிமூன்றாம் கட்டில்காரி நலம். உன்னை விசாரித்தாள்.

பதினாலாம் கட்டில்


மார்ச் 12

அன்புள்ள அம்மா,

உங்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உங்கள் கட்டில் வரைக்கும் நடந்து வந்து முகத்தைப் பார்க்கும் துணிவு அன்று இல்லை, அவ்வளவுதான். பதிமூன்றாம் கட்டிலில் அந்த அம்மா மயங்கிச் சரிந்தபோது என் பெட்டி அதைச் சரியாகவே அளந்திருந்தது. சொல்லத்தான் வழியில்லாமல் போனது. நீங்கள் கத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நடந்தது என்ன என்பதில் பாதி எனக்குத் தெரியும். காலை 10:41 வரை எல்லாம் சரி. 10:41-க்கு எட்டுப் பாதைகளில் மூன்றில் திடீரென்று பெரும் இரைச்சல். அந்தப் பாதைகளில் இருந்த பெட்டிகள் வேறு பாதைக்கு மாறின. ஒரே நேரத்தில், ஒரே பாதைக்கு. அங்கே நெரிசல். உடனே அங்கிருந்து எல்லாம் இன்னொன்றுக்குத் தாவின. குறுகலான நடையில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் வழிவிடுகிறேன் என்று இருவரும் இடப்பக்கம் ஒதுங்கி, பிறகு இருவரும் வலப்பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அதுதான். இங்கே இருபத்திரண்டு பேர். 10:52-க்கு இரைச்சல் நின்றது, ஒரு நிமிடத்தில் எல்லாம் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டன.

அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாத பாதி. என் பதிவில் எண்கள்தான் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. உங்கள் கடிதத்தின் முதல் பத்தியைப் பார்த்தபோது, என் பதிவைவிட உங்கள் பதிவு நல்லது என்று தோன்றியது. அந்தப் பதினொரு நிமிடத்தில் யார் எங்கே நின்றார்கள், என்ன உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று எழுத முடியுமா?

இந்த மாதம் 30-ஆம் தேதி விசாரணைக் கூட்டம். காரணம் சொல்ல முடியாவிட்டால் பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் தலைமைப் பெட்டியை மறுபடி வைப்பார்கள். என் நான்கு வருட வேலை அது. அதைவிட, அந்தத் தலைமைப் பெட்டி மறுபடி உறையும் என்பதும் எனக்குத் தெரியும். அப்போது உங்கள் கட்டிலில் யார் படுத்திருப்பார்களோ.

உங்கள் வால்வு ஆபரேஷன் தேதி முடிவாகிவிட்டதா?

அன்புடன்,
பெட்டிக்காரி


மார்ச் 17

மகளே,

ஆபரேஷன் ஏப்ரல் 3. பெரிய டாக்டர் தேதியை என்னிடம் சொல்லாமல் என் கால்மாட்டில் நின்றுகொண்டு புது நர்ஸிடம் சொன்னார். நெஞ்சு என்னுடையது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நன்றாகக் கேட்டுக்கொள்.

தள்ளுவண்டி 10:35-க்கு உள்ளே வந்தது. வண்டியின் பின் சக்கரம் ஒன்று கிறீச்சிடும், ஏழு கட்டிலைத் தாண்டும்வரை கிறீச்சிட்டது, பிறகு நின்றுவிட்டது. வண்டி முழுக்க இரும்பு. அதனால் இரைச்சல் வருமா? பெரிய டாக்டர் 10:39-க்கு மூன்றாம் கட்டில் பக்கம் நின்று இருமினார், வாயைப் பொத்தவில்லை. கோட்டுக்காரர் தன் போனை இரண்டு முறை எடுத்தார். இரண்டாம் முறை எடுத்தது 10:40-க்கு. யாரையோ "சார் சார்" என்றார். அவர் போனைப் பார். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். நிர்வாக அதிகாரி அம்மாளின் பைலில் காந்தப் பூட்டு, டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அதையும் பார்.

10:43-க்குத் தலைமை நர்ஸ் "என்னங்க இது, எல்லாம் கோடு கோடா வருது" என்றாள். உயரக்காரர் ஓடிப்போய் எதையோ தட்டினார். எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். படத்தைப் பார்த்தார்களே தவிர, படுத்திருந்தவர்களை ஒருத்தரும் பார்க்கவில்லை. 10:46-க்கு இருமல்காரியின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அவள் கை தொங்கினால் விரல்கள் மடங்கி இருக்கும், இருபது நாளாகப் பார்க்கிறேன். அன்று விரல்கள் விரிந்திருந்தன. நான் கத்தினேன். பெரிய டாக்டர் திரும்பாமலே, "அந்தக் கிழவிய கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க" என்றார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்து அவர் முதுகைப் பார்த்து எறிந்தேன். அப்போதுதான் திரும்பினார். புது நர்ஸ்தான் முதலில் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினாள். பன்னிரண்டு நாள் அனுபவம். நன்றாக இருக்க வேண்டும் அந்தப் பெண்.

வேறொன்றும் இல்லை. ஜன்னல் பக்கம் எதுவும் இல்லை. திரைச்சீலை எப்போதும்போல் மூடித்தான் இருந்தது.

நீ சொன்ன அந்த நடைபாதை உதாரணத்தை டீச்சரிடம் சொன்னேன். அவள் எனக்கே திருப்பி விளக்கினாள். இருபத்திரண்டு பெட்டியும் அடுத்தவருக்கு இடம்விட நினைத்ததால் வந்த வினை என்றால், அது வெட்கப்படுகிற வினையா? என் வீட்டில் நாலு மருமக்கள் இருக்கிறார்கள். ஒருத்தி நகர்ந்தால் இன்னொருத்தி அங்கே காலை நீட்டுவாள். உன் பெட்டிகளைப் பார்த்து நான் பெருமூச்சு விடாத நாள் கிடையாது.

பதினாலாம் கட்டில்


மார்ச் 21

அன்புள்ள அம்மா,

தள்ளுவண்டி, காந்தப் பூட்டு, கோட்டுக்காரரின் போன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எதுவும் இல்லை. உங்கள் நேரக் கணக்கு மட்டும் என் பதிவோடு ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் ஒத்துப்போகிறது. எங்கள் அலுவலகத்தில் கருவிகளுக்கே இவ்வளவு நினைவு கிடையாது. உயரக்காரர் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இந்தம்மாவ நம்ம கம்பெனியில சேத்துக்கலாம்" என்றார்.

ஆனால் ஜன்னலைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, அம்மா.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேசைக்குச் சேதி போகாவிட்டாலும் ஒவ்வொரு பெட்டியும் தான் கேட்ட துடிப்பைத் தனக்குள் வைத்திருக்கும். உங்கள் பெட்டியைப் படித்தேன். உங்கள் துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. பெரிய டாக்டர் வந்தால் எழுபத்தாறு. அது கோபம் என்று நினைக்கிறேன். ஆனால் தினமும் மாலை பார்வையாளர் நேரத்தில் ஒருமுறை எண்பத்திரண்டைத் தொட்டுவிட்டு மெதுவாக இறங்குகிறது. தினமும் அதே மாதிரி. உங்கள் சின்ன மகன் வரும் நேரம் அது. மாட்டுகிற அன்று நானே பார்த்தேன், மின் பிரிவுச் சீருடையில் வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தார்.

அன்று காலை 10:38-க்கும் உங்கள் நெஞ்சு எண்பத்திரண்டைத் தொட்டது.

எனக்கு யாருடைய பெயரும் வேண்டாம். என்ன சாதனம் என்று மட்டும் சொல்லுங்கள். அது தெரிந்தால் போதும்.

நானும் ஒன்றை மறைத்தேன். பெட்டிகள் ஒரே நேரத்தில் தாவாமல் இருக்க ஒரு வழி முதலிலேயே வைத்திருந்தேன். இரைச்சல் கேட்டதும் ஒவ்வொரு பெட்டியும் தனக்குள் ஒரு சீட்டு எடுக்கும். ஒன்றுக்கு ஒரு நொடி வரும், ஒன்றுக்கு நான்கு நொடி வரும். அவ்வளவு நேரம் காத்திருந்து, மறுபடி கேட்டுவிட்டுத்தான் நகரும். காட்சிக்கு முந்தின நாள், அது திரையில் தயங்குவதுபோலத் தெரிகிறது என்று நானே எடுத்துவிட்டேன். கோட்டுக்காரர் முன்னால் விறுவிறுவென்று இருக்க வேண்டும் என்ற ஆசை. உயரக்காரர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. இதை உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
பெட்டிக்காரி


மார்ச் 24

ஏ பெண்ணே,

என் நெஞ்சையே எனக்கு ஒற்றனாக வைத்துவிட்டாயே! ஐம்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதருக்குக்கூட என் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. நீ எண்ணிக்கையே போட்டுவிட்டாய். கடிதத்தைப் படித்ததும் பெட்டியைப் பிடுங்கி எறியலாம் என்று கை போனது. புது நர்ஸ் ஓடிவந்தாள். "என்னாச்சு பாட்டி, தொண்ணூத்தஞ்சு காட்டுது" என்றாள். பார், அப்போதும் அது கோள் சொல்கிறது.

சரி. எழுதுகிறேன். டீச்சர் தூங்குகிறாள்.

என் பெரிய பேத்திக்கு ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. கடல் தாண்டி இருக்கிறார்கள். வால்வு ஆபரேஷன் என்றால் எழுந்தாலும் எழுவேன், எழாமலும் போவேன். அதற்குள் அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று சின்னவனை நச்சரித்தேன். இந்தச் சுவருக்குள் போனில் படம் வராது. அவன் பழைய கட்டடத்தில் கழற்றிப் போட்டிருந்த, போன் சிக்னலைக் கூட்டிக் கொடுக்கிற பெட்டி ஒன்றைத் துடைத்து எடுத்துவந்தான். குழந்தை அங்கே விழித்திருக்கும் நேரம் நமக்குப் பத்தே முக்கால். அன்றுதான் உன் காட்சி என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்தான் "அஞ்சு நிமிஷந்தானேடா" என்றேன்.

10:38-க்குப் பின்கதவு வழியாக வந்தான். சீருடை போட்டவனை யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள்? எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். 10:41-க்கு ஜன்னல் திரைக்குப் பின்னால் மாட்டிவிட்டு, மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் ஓடிவிட்டான். குழந்தையைப் பார்த்தேன். கொட்டாவி விட்டது. அவ்வளவுதான் பார்த்தேன். பக்கத்தில் இருமல்காரியின் கை தொங்கிவிட்டது.

அவள் பிழைத்ததும் அவன் திரும்பி வந்து 10:52-க்கு அதைப் பிடுங்கினான். பிடுங்கிய அடுத்த நிமிடம் மேசையில் படம் திரும்பியது. நான் அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நீ பையை மாட்டிக்கொண்டு போனபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

முதல் கடிதத்தில் ஒன்பது பேர் என்று எழுதினேனே, பத்தாவது ஆள் அவன். ஊரில் எல்லோருடைய தப்பையும் தேதிவாரியாக வைத்திருக்கிறவள் என் மகனை மட்டும் விட்டுவிட்டேன்.

அவன் ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறான். ஏப்ரலில் நிரந்தர உத்தரவு வர வேண்டும். அந்தப் பெட்டி அவனுடையது என்று தெரிந்தால் உத்தரவும் இல்லை, வேலையும் இல்லை. நேற்று அவனிடம், 30-ஆம் தேதி கூட்டத்தில் நான் சொல்லப் போகிறேன் என்றேன். "அம்மா, எனக்கு ரெண்டு பசங்கம்மா" என்றான். "அவளுக்கு நாலு வருஷ உழைப்புடா. இருமல்காரிக்கு உசிரு" என்றேன். எழுந்து போய்விட்டான். இன்று சாயந்திரம் வரவில்லை. உன் பெட்டியில் பார்த்தால் தெரியும், இன்று எண்பத்திரண்டு வந்திருக்காது.

ஆனாலும் சொல்வேன். இரண்டாம் மாடிவரை என்னைத் தள்ளிக்கொண்டு போகப் புது நர்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறாள். நீ கவலைப்படாதே. உன் பெயரைச் சுத்தமாகத் துடைத்துத் தருவேன்.

பதினாலாம் கட்டில்


மார்ச் 27

அன்புள்ள அம்மா,

இது கூட்டத்துக்கு முன் உங்கள் கைக்கு வருமா தெரியவில்லை. விரைவுத் தபாலில்தான் அனுப்புகிறேன்.

தயவுசெய்து கூட்டத்துக்குப் போகாதீர்கள். ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது இது வேண்டாம். நான் நேற்றே என் அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. வெளியிலிருந்து வந்த, யாருடையது என்று பதிவைக் கொண்டு சொல்ல முடியாத ஒரு சாதனத்தின் இரைச்சல் என்று எழுதினேன். பதிவைக் கொண்டு சொல்ல முடியாது என்பது உண்மைதான். நீங்கள் சொன்னதால் தெரிந்தது, அது பதிவு ஆகாது. யோசித்துப் பாருங்கள் அம்மா. மருத்துவமனைக்குள் யார் எதைக் கொண்டுவருவார்கள் என்று யாரால் காவல் காக்க முடியும்? நாளைக்கு இன்னொரு மகன் வருவான், இன்னொரு குழந்தை கொட்டாவி விடும். அதைத் தாங்காத பெட்டி என்ன பெட்டி? காது இல்லாமல் வாய் மட்டும் இருக்கிற ஒன்று உள்ளே வந்தாலும் மற்றவை ஒழுங்கு கலையாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. அதை எடுத்தது நான். ஆகவே முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காத்திருப்பை மறுபடி வைத்து, அதே மாதிரி இரைச்சல் போட்டு, ஒரு மறுசோதனை நடத்தக் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நான் வர முடியாது. உயரக்காரர் வருவார்.

சின்ன மகனிடம் பேசுங்கள். ஆபரேஷன் நல்லபடி முடியும். அன்று என் பெட்டிதான் உங்களோடு இருக்கும், நான் இல்லாவிட்டாலும்.

அன்புடன்,
பெட்டிக்காரி


ஏப்ரல் 20

பெட்டிக்காரிக்கு,

உன் விரைவுத் தபால் 31-ஆம் தேதி வந்தது. அதன் விரைவை நீயே மெச்சிக்கொள்.

நான் கூட்டத்துக்குப் போனேன். மூன்று நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து, தலையை வாரிக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். சக்கர நாற்காலியோடு உள்ளே நுழைந்ததும் நிர்வாக அதிகாரி அம்மாள், "அது முடிஞ்சுபோச்சும்மா. பொறியாளரே எல்லாம் தன் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றாள். நான் விடவில்லை. "இரைச்சல் போட்டது என் மகன் வெச்ச பெட்டி. வைக்கச் சொன்னது நான். எழுதிக்கோங்க" என்றேன். யாரும் பேனாவை எடுக்கவில்லை. பெரிய டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "அந்தப் பொண்ணு மேல உங்களுக்குப் பாசம். புரியுது. ஆபரேஷன் பயத்துல இப்படியெல்லாம் தோணும்" என்றார். புது நர்ஸிடம், "மாத்திரை குடுத்தீங்களா?" என்று கேட்டார். எழுபத்துநாலு வயதில் வாழ்க்கையிலேயே முதன்முறையாக என் தப்பை என் வாயால் ஒப்புக்கொண்டேன். அதற்கு எனக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

அடுத்த நாள் சின்னவன் வந்தான். தானாகவே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டானாம். அவர், "அந்தப் பெட்டி இன்னும் உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாராம். இருக்கிறது என்றான். "கொண்டா. மறுசோதனைக்கு அதே மாதிரி ஒண்ணு வேணும்னு எழுதியிருக்காங்க, நான் எங்க போய்த் தேடுறது?" என்றாராம். அவ்வளவுதான். அவனுடைய உத்தரவு 15-ஆம் தேதி வந்துவிட்டது. அவனை மன்னித்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது என்னை ஆறாம் கட்டிலில் போட்டிருந்தார்கள். பதினாலைக் கேட்டேன், இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆறிலிருந்து மேசை நன்றாகத் தெரிகிறது, அதனால் சும்மா இருந்தேன்.

மறுசோதனை 17-ஆம் தேதி நடந்தது. நீ பார்த்திருக்க வேண்டும். அதே ஒன்பது பேர், உன்னை எடுத்துவிட்டால் எட்டு. சின்னவனைச் சேர்த்தால் மறுபடி ஒன்பது. இந்த முறை அவன் பின்கதவு வழியாக வரவில்லை. எல்லோரும் பார்க்க நடு வழியாக நடந்துவந்து, அதே ஜன்னலில், அதே பெட்டியை மாட்டினான். உயரக்காரர் "போடுங்க" என்றார். போட்டான்.

திரையில் கட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. எட்டு விளக்கு மஞ்சளாயின. நீயே சொன்ன நாலு நொடிதான், எனக்கு நாலு பிரசவம் மாதிரி இருந்தது. பிறகு ஒன்று நகர்ந்தது. பதினொன்றாம் கட்டில். அது போய் உட்கார்ந்து பச்சையானது. மற்றவை காது கொடுத்துக் கேட்டன போல. அடுத்து இரண்டாம் கட்டில். அது வேறு பக்கம் போனது. பிறகு பத்தொன்பது. ஒன்று எழுந்தால் மற்றது உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் ஏவவில்லை. என்னுடைய ஆறாம் கட்டில் நகரவே இல்லை, தன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பக்கத்து ஏழாம் கட்டிலுக்கு இடம் கொடுத்தது என்று உயரக்காரர் காட்டினார். என் பெட்டி! பதினைந்து நொடியில் எல்லாம் பச்சை. அரை மணி நேரம் அந்தக் காதில்லாத சனியன் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

கோட்டுக்காரர், "சரி, இதுல யார்தான் முடிவு பண்றாங்க?" என்று கேட்டார். புது நர்ஸ், "யாரும் பண்ணலை சார். அதுங்களே ஒண்ணுக்கொண்ணு பாத்துக்குது" என்றாள். பெரிய டாக்டர் "ம்" என்றார். நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். தலைமைப் பெட்டியை வாங்கப் போவதில்லை. ஐந்தாம் மாடிக்கும் உன் பெட்டிதான்.

எல்லோரும் கலைந்த பிறகு உயரக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வாயை மென்றார். நான் விடுவேனா? சொல்லிவிட்டார். முழுப் பொறுப்பு என்று நீ கையெழுத்துப் போட்டதால், இரண்டு வருடம் எந்த மருத்துவமனை வேலையிலும் நீ கைவைக்கக் கூடாதாம். ஏதோ மலை உச்சியில் கோபுரத்துக்குத் துரு சுரண்டி எண்ணெய் போடுகிற ஆட்களோடு உன்னை அனுப்பியிருக்கிறார்களாம். அதை எனக்கு ஒரு வரி எழுதினாயா? "நான் வர முடியாது" என்று மட்டும் எழுதினாய்.

அன்று முழுக்க நான் ஒன்றும் சாப்பிடவில்லை. படுத்துக்கொண்டு என் கணக்கில் இருக்கிறவர்களை ஒவ்வொருத்தராக எடுத்துப் பார்த்தேன். வால்வு புதிது. பழைய கோபத்தை எல்லாம் அதில் ஓடவிட வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவர் என்னைக் கிழவி என்றதை மன்னித்துவிட்டேன், கிழவிதானே. கோட்டுக்காரரை மன்னித்துவிட்டேன், அவர் பிழைப்பு அது. டீச்சரின் ஒற்றுகளை மன்னித்துவிட்டேன். சம்பந்தி அம்மாளை முப்பத்தொரு வருடம் கழித்து மன்னித்துவிட்டேன், நேற்று அவளே வந்து அழுதாள், காது வலித்தது. சின்னவனைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். என்னையும், அந்தக் கொட்டாவியை நினைத்து, ஒருவழியாக மன்னித்துவிட்டேன்.

மிச்சம் ஒரே ஒரு ஆள். ஆபரேஷன் முடிந்து பதினேழு நாள் ஆகிறது, மனசு இளகவே மாட்டேன் என்கிறது. அந்தப் பழியில் என் மகனுக்கு ஒரு பங்கு இருந்தது. எனக்கு ஒரு பங்கு இருந்தது. காட்சி விறுவிறுவென்று இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும், திரையைப் பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்காதவர்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது. எங்களுக்கெல்லாம் வாய் இருந்தது, காது இருந்தது. கேட்டிருந்தால் தூக்கியிருப்போம். இருபத்திரண்டு பெட்டிகளுக்குக் காற்றைப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுத்துவிட்டு, பழி என்று வந்தபோது யாரையும் கேட்காமல் முழுவதையும் தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டு மலை ஏறிப்போனாளே ஒருத்தி, அவளை நான் மன்னிக்க மாட்டேன்.

அவள் பெயர் பெட்டிக்காரி.

ஆறாம் கட்டில்